தோம்பில் இல்லாத வீடு



சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறி, அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்தால் திருநின்றவூர் என்னும் நிலையம் வரும். அவ்வூர் என் ஊர். 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியபோது இவ்வழியாகத்தான் ஓடிற்று. ஊரின் பெயரை மக்கள் நாவு திண்ணனூர் என்று தேய்த்தது. ஆங்கிலேயர் ஏடுகளும் அத்தேய்ந்த பெயரையே எழுதிக்கொண்டன. ஆகவே பழைய ஏடுகளில் எங்கள் ஊரைத் தேடப் புகுகின்றவர், திருநின்றவூர் என்று மட்டும் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஏடு எப்பெயரால் நம்மை அறிந்திருக்கிறதோ அப்பெயரால் நம்மை நாமே அழைத்துப் பழகுவதுதான் ஆவணக் காப்பகத்தில் கற்கும் முதற்பாடம்.

வரலாற்று ஆவணங்களும் ஆராய்ச்சி நல்கைகளும் ஓவியர், சிற்பிகளின் படைப்புக்கு எவ்வாறு தூண்டுகோலாகின்றன என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். படத்தைக் காட்ட வழியில்லாத வானொலியில் படத்தைப் பற்றிப் பேசுவது சிறிது விந்தையான வேலைதான். ஆயினும் கண்ணால் காணாத ஒன்றை நம்பும் பழக்கம் எங்கள் ஊருக்கு நெடுநாளாக உண்டு. அப்பழக்கத்துக்குத் தலைவரானவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

பூசலார் நாயனாரின் கதையை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பினார். பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. பிறகு மனத்திலேயே கட்டத் தொடங்கினார். கருவிகளையும் தச்சரையும் மனத்திலே தேடிக்கொண்டார். நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் உறங்காமல் கட்டினார் என்று சேக்கிழார் சொல்லுகிறார். சிகரம் எழுந்தது, சுதை பூசப்பட்டது, மதில் சூழ்ந்தது. கிணற்றையும் குளத்தையும்கூட அவர் மறக்கவில்லை. அந்தக் கிணற்றைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் அங்கே திரும்பி வருவேன்.

அதே வேளையில் காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் ஒரு கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூரில் பூசல் என்னும் அன்பன் கட்டிய கோயிலில் நாளை புகப்போகிறோம், உன் நாளைத் தள்ளி வை என்றார். மன்னன் நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கு இல்லை என்றார்கள் ஊரார். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊர்க்கணக்கில் அக்கோயில் இல்லை. மன்னன் பூசலாரிடம் சென்று, அவரே உண்மையைச் சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கிற்று. இன்று எங்கள் ஊரில் இருதயாலீசுவரர் என்னும் பெயரோடு நிற்கும் கோயில் அக்கதையின் நினைவாக நிற்பது.

இப்பொழுது ஆவணத்தின் பக்கம் வருவோம். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் கருவறைப் புறச்சுவரில், பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன், கி.பி. 700-ஐ ஒட்டி அக்கோயிலை எடுத்தவன், தன் சிறப்புகளைப் பொறித்து வைத்தது. ஊல்ச் என்னும் செருமானிய அறிஞர் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அது அச்சேறியது. முன்னை யுகத்து மன்னர்கள் வானொலி கேட்டதில் வியப்பில்லை. இக்கலியுகத்தில் இம்மன்னன் உடலற்ற குரலைக் கேட்டான், அதுவே வியப்பு என்ற கருத்து அதில் வருகிறது. (வானொலி என்றவுடன் நிலையத்தார் மகிழ வேண்டாம்; அது வேறு வானொலி.) அக்குரலையும் பூசலார் கதையில் வரும் கனவையும் இணைத்துக் கண்ட ஆராய்ச்சியாளர் உண்டு. ஆனால் அக்கல்வெட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் பூசலார் பெயரும் நின்றவூரின் பெயரும் அதில் இல்லை. கல் எடுத்தவன் கல்லில் நின்றான். மனத்தில் எடுத்தவருக்குக் கல்லில் இடம் இல்லை.

நான்கு நூற்றாண்டுக்குப் பிறகு, பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூரில் பிறந்த ஒருவர் அந்த இடத்தை நிரப்பினார். சேக்கிழார் சோழ அரசில் உயர்ந்த பதவி வகித்தவர் என்பது மரபு. அவர் ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் கல்வெட்டுகளையும் கண்டறிந்தே பாடினார் என்று மா. இராசமாணிக்கனார் தம் பெரியபுராண ஆராய்ச்சியில் விரிவாக வாதிட்டிருக்கிறார். அவர் பாடிய அதே 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த தாராசுரம் கோயிலில், அறுபத்துமூவர் வரலாறு சிறு சிறு சிற்பங்களாகப் பெயர்ப்பொறிப்போடு செதுக்கப்பட்டது. அங்கே அடியார் வரலாறு உளியின் கைக்கு மாறிற்று. ஆவணத்துக்கும் கலைக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆவணக் காப்பகம் ஓவியனுக்குத் தரும் பெருஞ்செல்வம் அங்கே இருக்கும் செய்தி என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய உடை எப்படி இருந்தது, வாளின் பிடி எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம் அன்றோ? பார்த்துக்கொள்ளலாம், திரைப்படக் கலை இயக்குநருக்கு அது போதும். ஆனால் நல்ல ஓவியனைக் காப்பகத்தில் பிடித்து நிறுத்துவது, ஏடு சொல்லாமல் விட்ட இடம். வரி கட்டியவன் பெயர் இருக்கும், அவன் முகம் இராது. நிலத்தின் அளவு இருக்கும், அந்நிலத்தை நட்ட பெண் இராள். அந்த வெற்றிடத்தின் முன் நீண்ட நாள் அமர்ந்திருக்க அவனுக்கு நேரமும் சோறும் தருவதே ஆராய்ச்சி நல்கை.

சென்னை எழும்பூரில் 1909-இல் சென்னை ஆவண அலுவலகம் என்று தொடங்கப்பட்டு, 1973-இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர் பெற்ற நிலையம் இருக்கிறது. கும்பினியார் காலம் முதற்கொண்டு அரசாங்கம் எழுதிய கடிதமும் கணக்கும் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. உங்களில் ஓவியம் பயில்கிறவர்கள் ஒருமுறையாவது அங்கே சென்று பார்க்க வேண்டும். அரசாங்கம் என்பது எவ்வளவு எழுதும் பிராணி என்பது அப்பொழுதுதான் தெரியும்.

ஆனால் நம் நாட்டு ஆவணமெல்லாம் நம் நாட்டில் இல்லை. காலின் மெக்கன்சி என்னும் அளவையாளர், 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர், தென்னாடெங்கும் சுற்றி ஏடுகளையும் வரைபடங்களையும் திரட்டினார். காவலி வேங்கட போரையா முதலிய நம்மவர் அவருக்குத் துணைநின்றனர். அவர் 1821-இல் இறந்த பின் அத்தொகுப்பு பிரிந்தது. ஏட்டுச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு வந்தது. ஓவியங்கள் இலண்டனுக்குப் போயின. அமராவதிச் சிற்பங்களை அவர் குழுவினர் அந்நாளில் வரைந்த படங்களைப் பார்க்க வேண்டுமானால் இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்துக்குச் செல்ல வேண்டும். அமராவதிச் சலவைக்கல்லோ பாதி எழும்பூர் அருங்காட்சியகத்தில், பாதி இலண்டனில். ஓவியனுக்கு நல்கை எதற்கு என்று கேட்பவர்க்கு இதுவே ஒரு விடை: தன் பாட்டன் வரைந்த படத்தைப் பார்க்கவும் அவனுக்குக் கப்பற்கூலி வேண்டியிருக்கிறது.

ஓவியனுக்குப் பொருள் கொடுத்துப் பழம்படத்தின் முன் உட்கார வைத்ததற்கு நம் நாட்டில் ஒரு துயரக் கதையும் உண்டு. சென்னைப் படையைச் சேர்ந்த இராபர்ட் கில் என்பவரைக் கும்பினியார் 1844-இல் அசந்தா ஓவியங்களைப் படியெடுக்க அமர்த்தினர். ஆண்டுக்கணக்கில் அக்குகைகளில் இருந்து வரைந்தார். அப்படிகளில் பெரும்பாலானவை 1866-இல் இலண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் எரிந்தன. பிறகு பம்பாய்க் கலைப்பள்ளியின் கிரிபித்து என்பவர் தம் மாணவர்களோடு 1872 முதல் 1885 வரை மறுபடியும் படியெடுத்தார். அவற்றிலும் பல, 1885-இல் இலண்டனிலேயே மற்றொரு தீயில் எரிந்தன. இரண்டாம் முறை எரிந்த செய்தியைக் கேட்ட மாணவர்கள் என்ன எண்ணியிருப்பார்களோ!

மூன்றாம் முறை நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஆங்கிலப் பெண்மணி ஏரிங்காம் சீமாட்டி 1909-ஐ அடுத்த குளிர்காலங்களில் படியெடுக்க வந்தபோது, வங்கத்து இளம் ஓவியர் நந்தலால் போசும் அசித் குமார் ஆல்தாரும், மைசூர் வேங்கடப்பாவும் உதவிக்குச் சென்றனர். அப்படிகள் 1915-இல் நூலாக வெளிவந்தன. நூல் இருக்கட்டும். கல்லின் மீது மெல்லிய தாளை வைத்துக் கோடு கோடாகத் தொடர்ந்து சென்ற அந்த இளைஞரின் கை, பிறகு எதை வரைந்தாலும் அக்கோட்டை மறக்கவில்லை. 1938-இல் அரிபுரா காங்கிரசு மாநாட்டுக்காக நந்தலால் வரைந்த படங்களில் உழவனும் தச்சனும் தாய்மாரும் இருக்கிறார்கள். அசந்தாவின் இளவரசர் ஒருவரும் இல்லை. ஆயினும் அந்த உழவனின் தோளை வளைக்கும் ஒரே கோட்டைப் பார்த்தால், இக்கை எங்கே பயின்றது என்று புரிந்துவிடும். படியெடுத்தது ஒன்று, விளைந்தது மற்றொன்று.

தமிழ்நாட்டிலும் அது நடந்தது. 1931-ஆம் ஆண்டு நம் ஓவிய வரலாற்றில் ஒரு நல்ல ஆண்டு. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேய் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பல்லவர் ஓவியத்தைக் கண்டதும் அவ்வாண்டே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட சுற்றறையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டதும் அவ்வாண்டே. கல்வெட்டில் பூசலாரைத் தேடிய அதே கைலாசநாதர் கோயில், தன் சுவர்க்குள் வண்ணத்தையும் ஒளித்து வைத்திருந்தது. சுவரும் ஓர் ஆவணம்தான்.

இவ்வோவியங்களின் வழியில் கைபழகிய ஒருவரை வானொலி நேயர்கள் வேறு வகையில் அறிவார்கள். எஸ். ராஜம் சென்னை வானொலி நிலையத்தில் இசைத்துறையில் பல்லாண்டு பணிபுரிந்தவர். 1919-இல் பிறந்து 2010-இல் மறைந்தார். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். சித்தன்னவாசல், அசந்தா மரபில் நீண்ட விழியும் மென்கோடுமாக வரைந்தார். தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரிகள் ஆகிய மூவரையும் அவர் வரைந்த படங்கள் இன்று எத்தனை இசைக் கூடங்களில் தொங்குகின்றன! சியாமா சாத்திரிகள் 1827-இலும், தீட்சிதர் 1835-இலும், தியாகராசர் 1847-இலும் மறைந்தனர். நிழற்படக்கலை ஐரோப்பாவில் வெளிப்பட்டதே 1839-இல். ஆகவே அம்மூவருக்கும் நிழற்படம் இல்லை. இல்லாத முகத்தை ஓவியர் தந்தார். நாம் பூப்போட்டு வணங்குகிறோம். எனக்கு இதில் மகிழ்ச்சியோடு சிறிது அச்சமும் உண்டு. இன்னும் நூறு ஆண்டு சென்றால், அவர் தந்த முகத்தையே ஆவணம் என்று காட்டி யாரேனும் வாதாடக்கூடும். வெற்றிடத்தை நிரப்புகிறவனுக்குப் பொறுப்பு பெரிது.

ஓவியனே காப்பகத்தை உண்டாக்கிய கதையும் நம்மிடம் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தொழிலால் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். நூல் மட்டுமா? நாடக அறிவிப்பு, திருமண அழைப்பிதழ், எது கிடைத்தாலும் விடவில்லை. அவர் 1992-இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. எழுத்தின் வடிவை நாள்தோறும் வரைந்த கைக்குத்தான், அற்பமான துண்டறிக்கையும் ஒரு நாள் அரிய பொருளாகும் என்று தோன்றியிருக்கிறது.

இனி நம் காலத்து ஆராய்ச்சி நல்கைக்கு வருகிறேன். பெங்களூரில் 1993-இல் கலைக்கான இந்திய அறநிலையம் ஒன்று தோன்றிற்று. ஆராய்ச்சிக்கும் படைப்புக்கும் அது நல்கை வழங்குகிறது. அந்நல்கையின் துணையோடு, பெங்களூர்க் கலைஞர் என். புஷ்பமாலா, நிழற்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை ஒரு பெரிய படத்தொகுதியைச் செய்தார். தென்னிந்தியப் பெண்டிரும் அவர்தம் நடையும் வழக்கமும் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தலைப்பே ஒரு குறும்பு. பழைய ஆங்கிலேய அதிகாரிகள் தம் நூல்களுக்கு வைத்த தலைப்பின் குரல் அது.

அக்குறும்பு புரிய வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பழைய தலைவர் ஒருவரை நினைக்க வேண்டும். எட்கர் தர்சுடன் 1885 முதல் 1908 வரை அங்கே தலைவராக இருந்தார். அளவுகோலும் கவ்வியும் கொண்டு நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். க. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் தென்னிந்தியாவின் குலங்களும் குடிகளும் என்னும் நூலை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். செய்தியைத் தேடுகிறவர்க்கு அது இன்றும் ஒரு சுரங்கம். ஆனால் அதில் அளக்கப்பட்டவர் பேசுவதில்லை. அக்காலத்து அதிகாரிகள் வேறு சிலர், அந்தமான் தீவு மக்களைக் கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் வரைந்த திரையின் முன் நிறுத்திப் படம் எடுத்தனர். கட்டத்தை எண்ணினால் உடலின் அளவு தெரிந்துவிடும். நிற்பவருக்கு என்ன தெரிந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

புஷ்பமாலா என்ன செய்தார் தெரியுமா? அதே கட்டத்திரையை உண்டாக்கி, நீலமலைத் தோடர் குலப் பெண்ணாகத் தாமே வேடம் பூண்டு, அதன் முன் தாமே நின்றார். மற்றொரு படத்தில் இரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாக அமர்ந்தார். வேறொன்றில் வேளாங்கண்ணி மாதாவாக, வேறொன்றில் செய்தித்தாளில் வந்த குற்றவாளிப் பெண்ணாக. திரை, உடை, அணிகலன், விளக்கொளி எல்லாம் மூலப்படத்தோடு ஒத்திருக்கும்படி நெடுநாள் உழைத்துச் செய்தார்கள். அந்த உழைப்பையும் தனியே படமெடுத்துத் தொகுதியில் சேர்த்தார்கள். நல்கை இங்கே எதற்குச் செலவாயிற்று என்பதைக் கவனியுங்கள். வண்ணத்துக்கும் துணிக்கும் ஒரு பங்கு. ஒரு படத்தை அதன் கடைசி மடிப்பு வரை படிக்கும் ஓய்வுக்குப் பெரும்பங்கு. அளவுகோலின் முன் நிற்பது எப்படியிருக்கும் என்று எந்த ஏடும் சொல்லாததால், அவர் தம் உடலையே அவ்விடத்தில் கொண்டு வைத்தார். தோடர் குலத்தவர் அல்லாத ஒருவர் அவ்வேடம் பூணலாமா என்று கேட்பாரும் உண்டு. அது நியாயமான கேள்வி. படத்தைப் பார்த்து நகைத்துவிட்டு, நகைப்பு அடங்கியபின் அக்கேள்வியோடு நிற்பதுதான் அப்படத்துக்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

இதுவரை இருந்த ஏட்டைப் பற்றிப் பேசினேன். ஏடே எரிந்துபோனால்?

1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதன்பின் வந்த போரில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். 1990-இல் வடபகுதி முசுலிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிந்தன, உறுதிகள் தொலைந்தன. நாம் பத்திரம் என்பதை யாழ்ப்பாணத்தார் உறுதி என்பார்கள். அழகான சொல், தொலைந்தபோது அதன் பொருளும் சேர்ந்தே தொலைந்தது.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் அப்பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். டில்லியில் ஓவியம் பயின்றவர். 2011-இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் பெயர். தோம்பு என்றால் நிலப்பதிவேடு. 1619-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். 1658-இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் அதைக் கைவிடவில்லை. போர்ச்சுகல் நாட்டின் தலைமை ஆவணக் காப்பகத்தின் பெயரிலேயே அச்சொல் இன்றும் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு இறை என்று அறிந்துகொள்ள ஆள்பவர் எழுதி வைத்தது தோம்பு.

சனாதனன் எழுதிய தோம்பில் இறை இல்லை. வீட்டை இழந்த எண்பது பேரிடம் அவர் ஒரு தாளைக் கொடுத்து, நீங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள் என்றார். அவர்கள் ஓவியர் அல்லர். வரைந்தார்கள். கோடு கோணிற்று, அடுக்களை பெரிதாயிற்று. நூலில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள் உண்டு. வீட்டுக்குரியவர் தம் கையால் வரைந்தது ஒன்று. அதைக் கட்டடக்கலையின் முறைப்படி அளவொழுங்கோடு வரைந்தது மற்றொன்று. அதைக் கண்டு சனாதனன் தம் வண்ணக்கோலால் தீட்டியது மூன்றாவது. கூடவே அவ்வீட்டைப் பற்றிய நினைவுகள். அலுவலகக் கோப்பு ஒன்றைப் புரட்டுவது போலவே அதைப் புரட்டுகிறோம். அளவொழுங்கு வந்தவுடன் கோணிய கோட்டில் இருந்த ஏதோ ஒன்று மறைந்துவிடுகிறது. மறைந்ததை மூன்றாம் படம் தேடுகிறது.

பூசலாரின் கோயிலை மன்னன் தேடி வந்த கதையை மறுபடி எண்ணிப் பாருங்கள். ஊரார் இல்லை என்றனர், பூசலார் இருக்கிறது என்றார். இந்த எண்பது பேரும் அவ்வாறே இருக்கிறது என்று சொன்னவர்கள். வேறுபாடு ஒன்று உண்டு. பூசலார் கட்டாத கோயிலை மனத்தில் கட்டினார். இவர்கள் கட்டிய வீட்டை இழந்து மனத்தில் காத்தனர். அவர்க்கு மன்னன் வந்து பணிந்தான். இவர்களிடம் ஓர் ஓவியர் ஒரு தாளோடு வந்தார்.

சனாதனன் பின்னர் 2016-இல் கொச்சியில் நடந்த கலைக்காட்சியில் நூலக அட்டைப்பெட்டிகளை வைத்தார். நம் கல்லூரி நூலகங்களில் முன்னாளில் இருந்தனவே, சிறு சிறு இழுப்பறைகளில் அட்டை அட்டையாக நூற்பெயர் எழுதியவை, அவை போன்ற பெட்டிகள். இழுத்துப் பார்ப்பவர் கையில் போர்க்காலத்தில் எளிய மக்கள் வாழ்ந்து காட்டிய வழிகளைச் சொல்லும் அட்டைகள் கிடைத்தன. நூலகம் எரிந்த ஊரிலிருந்து ஒருவர் அட்டைப்பெட்டியைக் கலைப்பொருளாகக் கொண்டுவந்து வைத்தால், அதற்கு விளக்கவுரை வேண்டுமா?

இந்நூலைப் புரட்டியது முதல் எனக்கு ஒரு தொல்லை பிறந்துவிட்டது. எங்களுக்குப் போர் இல்லை, தீ இல்லை. ஆயினும் சென்னை நகரம் மேற்கே வளர்ந்து வளர்ந்து எங்கள் ஊரையும் தொட்டுவிட்டது. வயல்கள் மனைகளாயின. எங்கள் முன்னோர் வீட்டையும் விற்றோம். நாங்களே மனம் ஒப்பி விற்றோம், யாரையும் நோக வழியில்லை. இப்பொழுது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அவ்வீட்டின் பழைய கிரயப் பத்திரத்தின் படி ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்கெல்லை தெளிவாக இருக்கிறது. தெருவுக்கு மேற்கு, இன்னார் மனைக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள மனையும் அதிற்கட்டிய ஓட்டு வீடும் என்று இருக்கிறது. கதவு, நிலை, கிணறு சகிதம் என்றும் இருக்கிறது. திண்ணையில் எந்தத் தூணில் சாய்ந்து பாட்டனார் செய்தித்தாள் படித்தார் என்பது இல்லை. கிணறு உண்டு என்று சொல்லும் பத்திரம், அது எங்கே என்று சொல்லவில்லை.

ஒரு மாலை ஒரு தாளை எடுத்து வரைந்து பார்த்தேன். வாயிலும் கூடமும் எளிதாக வந்தன. பின்கட்டுக்கு வந்தபோது கை நின்றது. கிணற்றை முற்றத்தின் வடபுறம் போட்டேன். பிறகு என் தமக்கையாரிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்து, கிணறு தென்புறம் அல்லவோ தம்பி, காலை வெயில் படாதபடி மாமரம் மறைத்துக்கொண்டு நிற்குமே என்றார். மாமரத்தையே நான் மறந்திருந்தேன். ஆயினும் கிணறு வடபுறம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாள்தோறும் அங்கே நீர் இறைத்தவன் நான். அவரும் இறைத்தவர்தாம். தாளைத் திருப்பி அதன் பின்புறத்தில் அவரும் ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார். ஒரே தாளில் இரண்டு வீடுகள் இருக்கின்றன.